ஃபியட்டை எடைக்குப் போடச் சொல்லிவிட்டீர்களே!

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் கேள்வி-பதில் பகுதியில் திருமங்கலம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். காலமான அப்பாவின் 1978 மாடல் பத்மினி, ஃபியட் என்று நாம் சொல்லும் கார், பதினோரு வருஷமாகப் புளியமரத்தடிக் கொட்டகையில் நிற்கிறது, தனக்கு வண்டி வேலை ஒன்றும் தெரியாது, வீட்டிலேயே வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரி செய்ய முடியுமா, இல்லை இருபதாயிரம் தருகிறேன் என்று வருகிற பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தார். உங்கள் நிபுணர் மூன்று வரியில் முடித்துவிட்டார். பதினைந்து வருஷம் தாண்டிய காரை ஓட்டச் சட்டம் இடம் தராது, பழக்கமில்லாதவர் கை வைத்தால் பணம் போகும், எடைக்குப் போட்டுவிடுங்கள்.

முதலில் சொன்னது தவறு. இரண்டாவதாகச் சொன்னதில் பாதி உண்மை, எனக்கும் பணம் போயிருக்கிறது. ஆனால் கேட்டவர் கேட்டது ‘முடியுமா’ என்று. அதற்குப் பதிலே இல்லை. முடியும் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் என் வீட்டு வாசலில் நிற்கிறது, அதனால் எழுதுகிறேன்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் காருக்குப் பதினைந்து, டீசலுக்குப் பத்து என்ற கட்டுப்பாடு தில்லிக்கும் அதைச் சுற்றிய பகுதிக்கும் வந்தது. அப்புறம் 2023 ஏப்ரலிலிருந்து பதினைந்து வருஷமான அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிப்பதில்லை. இந்த இரண்டையும் கலந்துகட்டி, எல்லாருடைய காருக்கும் அதே கதிதான் என்று டீக்கடை வரைக்கும் பேச்சு. நம் ஊரில் சொந்தக் காருக்கு ஆர்.சி. பதினைந்து வருஷம் செல்லும். அதன்பின் படிவம் 25 எழுதிக் கொடுத்து, வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி, ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். கட்டணம்தான் வலிக்கும். 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. இருபது வருஷம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. ஆனால் கட்டணம் அதிகம் என்பது வேறு, ஓட்டவே கூடாது என்பது வேறு.

ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் தனி விதி வந்தது. 20,000 ரூபாய் கட்டினால் பத்து வருஷப் பதிவு, நம்பர் பலகையில் ‘வி.ஏ.’ என்ற எழுத்து. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பலகையை மாட்டினால் கண்காட்சிக்கும் பேரணிக்கும் பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும்தான் வெளியே எடுக்கலாம். என் வண்டிக்கு அந்தத் தகுதி இருந்தும் நான் அந்தப் பக்கம் போகவில்லை. எனக்குக் காரில் போய் வெண்டைக்காய் வாங்க வேண்டும்.

நான் அரசுப் பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருந்து 2019-இல் ஓய்வு பெற்றவள். அதுவரை நான் கழற்றியதில் பெரியது பிரஷர் குக்கர் கைப்பிடி. 2021 ஜனவரியில், எங்கள் தெருவில் இருந்த ஒரு டாக்டரின் வீட்டை இடிக்கக் கொடுத்தபோது, அவருடைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை 35,000 ரூபாய்க்கு வாங்கினேன். 1969 மாடல், மார்க் த்ரீ, நாலு கதவு. ஒன்பது வருஷம் ஓடாமல் நின்ற வண்டி. காற்றில்லாத நாலு டயரோடு தெருப் பையன்கள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். என் வீட்டுக்காரர் கேட்டைத் திறந்துவிட்டு, “இது உள்ளே வந்தால் ஸ்கூட்டர் எங்கே நிற்கும்?” என்று மட்டும் கேட்டார். ஸ்கூட்டர் இன்றுவரை எதிர்வீட்டில்தான் நிற்கிறது.

ஏன் அந்தக் கார் என்றால், எங்கள் குரோம்பேட்டை வழியாகப் போகும் இதே ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியில் பிறந்தது அது. மூலம் இங்கிலாந்து. கோவென்ட்ரியில் 1959-இல் ட்ரயம்ஃப் ஹெரால்டு என்று வந்தது, வடிவம் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டியுடையது. இங்கே 1961-லிருந்து செய்தார்கள். நாலு கதவு வைத்தது மட்டும் நம் ஊர் வேலை, வேறெங்கும் கிடையாது. வாங்கும்போது எனக்கு இவ்வளவும் தெரியாது. அதைவிட முக்கியமான ஒன்றும் தெரியாது: கற்றுக்குட்டிக்கு இதைவிடத் தோதான கார் அமையாது. முழு பாடியையும் ஒரே கூடாக அடித்துக் கொடுக்க அந்தக் காலத்தில் கம்பெனிக்கு ஆள் கிடைக்கவில்லை. வழக்கமாகச் செய்து கொடுத்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, தனியாகச் செய்து, பாடியைத் துண்டு துண்டாக அதன்மேல் போல்ட் போட்டு இறுக்கினார்கள். அவர்களுக்கு வந்த கஷ்டம், அறுபது வருஷம் கழித்து எனக்கு வரப்பிரசாதம். முன்பக்க பானெட் மட்கார்டோடு சேர்ந்து அப்படியே முன்னால் சாயும். முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டு, முறத்தில் அரிசி புடைப்பதுபோல இன்ஜின் வேலை பார்க்கலாம்.

திருமங்கலத்துக்காரருக்கு அந்த வசதி இல்லை, இதை அவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பத்மினிக்குச் சேசிஸ் தனியாகக் கிடையாது, கூடேதான் சேசிஸ். தரைத்தகடும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடும் ஜாக்கி போடும் இடமும் துருவேறிப் போயிருந்தால் அது அழகுப் பிரச்சினை ஆகாது, வண்டியின் முதுகெலும்பு போய்விட்டது என்று அர்த்தம். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போகச் சொல்லுங்கள். காந்தம் ஒட்டாத இடமெல்லாம் தகடு போய்ப் பட்டி பூசிய இடம். அப்புறம் மிதியடியைத் தூக்கிவிட்டுத் தரையை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்கட்டும். டங் என்றால் சரி. பொத்தென்று உள்ளே போனால், இரும்புக்காரரிடம் கொடுப்பதா வேண்டாமா என்று அப்போது யோசிக்கலாம். நிபுணர் சொல்லியிருக்க வேண்டியது இந்தக் கால் மணி நேர வேலையைத்தான்.

என் தவறுகளைச் சொல்கிறேன். வந்த முதல் மாசத்திலேயே ஆர்வம் தாங்காமல் எல்லாவற்றையும் கழற்றினேன். கழற்றுவது அவ்வளவு சுகமான வேலை! கதவு, கண்ணாடி, சீட்டு, டேஷ்போர்டு, வயர் கட்டு எல்லாம் மூன்று வாரத்தில் வெளியே வந்துவிட்டன. போல்ட்டும் நட்டும் பதினோரு பிஸ்கட் டப்பாக்களில். டப்பாவின்மேல் எதுவும் எழுதவில்லை, எல்லாம் நினைவிருக்கும் என்று நினைத்தேன். மாணவர்களிடம் சோதனைக் குழாய்க்குச் சீட்டு ஒட்டு, சீட்டு ஒட்டு என்று முப்பது வருஷம் கத்தியவள் நான். கதவின் கண்ணாடி ஏற்றும் பொறியைத் திரும்பப் பொருத்த எனக்கு ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. இன்றும் ஒரு டப்பாவில் பதினேழு போல்ட் மிச்சம். கார் அவை இல்லாமலேயே ஓடுகிறது, எந்த இடத்துப் போல்ட் என்று நினைத்தால்தான் இரவில் தூக்கம் வராது.

அடுத்தது ஸ்பேனர். வீட்டில் இருந்தது மில்லிமீட்டர் செட். ஹெரால்டின் போல்ட்டெல்லாம் அங்குலக் கணக்கு. அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீட்டர். 13 நம்பர் ஸ்பேனர் அதில் மாட்டும், கொஞ்சம் ஆடும், அழுத்தினால் தலையின் மூலையைச் சீவிவிடும். அப்படி ஒன்பது போல்ட்டை மொட்டையாக்கினேன். பாய்தான், அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், ஒவ்வொன்றின்மேலும் ஒரு நட்டை வைத்து வெல்டு அடித்துக் கழற்றித் தந்தார். பத்மினி இத்தாலி வம்சம், மில்லிமீட்டர்தான். அந்த வகையில் திருமங்கலத்துக்காரர் கொடுத்து வைத்தவர்.

துரு என்று வந்தபோதுதான் டீச்சருக்கு மதிப்பு வந்தது. சின்ன இரும்புப் பாகங்களை எல்லாம் நான் எமரி தாளால் தேய்க்கவில்லை, மின்னாற்பகுப்பு செய்தேன். பிளாஸ்டிக் தொட்டி, தண்ணீர், ஐந்து லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடா. துருப்பிடித்த பாகத்தை பேட்டரி சார்ஜரின் நெகட்டிவில் கட்டித் தொங்கவிட வேண்டும். பாசிட்டிவில் ஏதாவது வேண்டாத இரும்புக் கம்பி. இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. இரவு முழுக்க விட்டால் காலையில் துரு கறுத்துச் சேறாகி நிற்கும், தேங்காய் நாரால் தேய்த்தால் உள்ளே அசல் இரும்பு. கம்பிக்குப் பதிலாக எவர்சில்வர் கரண்டியைப் போடாதீர்கள், அதிலுள்ள குரோமியம் நச்சாகி நீரில் இறங்கும். சோடாவுக்குப் பதில் உப்பும் கூடாது, குளோரின் வரும். குமிழி விடுவது ஹைட்ரஜன், அதனால் திறந்த வெளியில் செய்ய வேண்டும், பக்கத்தில் பீடி கூடாது. சுவிட்சை அணைக்காமல் கையை விடக்கூடாது. அலுமினியத்தையும் கார்புரேட்டரையும் இதில் போட்டால் தின்றுவிடும். ஸ்பிரிங்கையும் போடாதீர்கள், ஹைட்ரஜன் ஏறி முறிந்துபோகும். பதினோராம் வகுப்பில் நான் இந்தப் பாடத்தை நடத்தியபோது தூங்கிய பையன் ஒருவன் இப்போது என் தொட்டியைப் பார்க்க மதுராந்தகத்திலிருந்து வந்து போகிறான்.

பெரிய தகட்டு வேலை என்னால் முடியாது. வெல்டிங் நான் கற்றுக்கொள்ளவில்லை, ஆசையும் இல்லை. பல்லாவரத்தில் ஒரு டிங்கர், எல்லோருக்கும் பாய். வந்து பார்த்தவர் டிக்கியின் தரையைக் கட்டை விரலால் அழுத்தி ஓட்டை போட்டுவிட்டு, “டீச்சர், இது காரில்ல, சல்லடை” என்றார். பிறகு ஏழு மாதம், வேறு வேலை இல்லாத நாட்களில் மட்டும் வந்து, சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளை வெட்டி எடுத்துப் புதுத் தகட்டில் செய்து வைத்தார். வீட்டில் தானே செய்வது என்றால் எல்லாவற்றையும் தானே செய்வது என்று யாரும் நினைக்க வேண்டாம். எதை யாரிடம் விடுவது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. இன்ஜினைப் பிரித்தது நான், சிலிண்டர் போரிங் போட்டது லேத் பட்டறை, கோத்தது மறுபடி நான். 948 சி.சி. இன்ஜின், தையல் மிஷின் மாதிரி. வால்வைத் தள்ளும் டாப்பெட்டுக்குப் பத்து தவுசண்டு, அதாவது அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு, இடைவெளி வைப்பதை ஒருமுறை பார்த்தால் யாருக்கும் வந்துவிடும்.

பிரேக்கில் மட்டும் சிக்கனம் பார்க்கவே கூடாது. என் அனுபவம் ஒன்று. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஷூ எல்லாம் புதுசு போட்டும் முன் இடது சக்கரம் பிரேக்கை விட்டபிறகும் பிடித்தபடியே இருந்தது. இரண்டு மாசம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் வெளியில் பளபளவென்று இருந்த ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருந்தது. மிதிக்கும் அழுத்தத்துக்கு ஆயில் போகும், திரும்பி வராது. பதினோரு வருஷம் நின்ற வண்டியில் ரப்பர் என்று எதைப் பார்த்தாலும் மாற்றுங்கள், நன்றாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தூசியைக் காற்றடித்து ஊதாமல், ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியைக் கட்டிப் போட்டுவிட வேண்டும்.

ஹெரால்டு வைத்திருப்பவர் யாராவது இதைப் படித்தால் ஒரே ஒரு வார்த்தை. முன் சக்கரத்தின் கீழ்ப்பக்கம் இருக்கும் ட்ரன்னியன் என்ற திருகு மூட்டுக்கு கியர் ஆயில்தான் விட வேண்டும், கிரீஸ் கூடாது. எனக்கு ஒரு மெக்கானிக் கிரீஸ் கன்னால் நிறையப் போட்டுவிட்டுப் போனார். கிரீஸ் மரையின் அடி வரை போவதில்லை, அங்கே தண்ணீர் தங்கித் துரு பிடிக்கிறது, ஒருநாள் திருப்பத்தில் முறிந்து சக்கரம் மடங்கும். நல்லவேளை, பிரித்துப் பார்த்தபோதே விரிசலைக் கண்டோம்.

இனி திருமங்கலத்துக்காரருக்கு, என்னிடம் நேரில் கேட்டால் சொல்வதைச் சொல்கிறேன். தம்பி, புது பேட்டரி வாங்கி வந்து செல்ஃப் அடித்துப் பார்க்காதீர்கள். நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு நாலு நாள் சும்மா இருங்கள். பிறகு பிளக் இல்லாமலேயே நாலாவது கியரில் போட்டு இரண்டு பேர் மெதுவாக முன்னும் பின்னும் தள்ளுங்கள். இன்ஜின் சுற்றினால் பாதி பயம் போயிற்று. டேங்கில் இருக்கும் பெட்ரோல் இப்போது பெட்ரோல் இல்லை, வார்னிஷ். முழுக்க இறக்கிவிட்டு, டேங்கைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. என் வண்டி முதன்முதலாகத் தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கிளம்பி, டேங்கின் துரு வந்து அடைத்து, பாலத்து ஏற்றத்தில் நின்றது. பின்னாலிருந்த மாநகரப் பேருந்தின் ஓட்டுநர் இறங்கி வந்து திட்டப் போகிறார் என்று நினைத்தேன். “எங்க மாமா வச்சிருந்தாரும்மா இது” என்று தள்ளிவிட்டார்.

பெட்ரோல் விஷயத்தில் இன்னொன்று. இப்போது பங்க்கில் கிடைப்பது இருபது சதவீத எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை இளக்கும், டேங்கின் பழைய அழுக்கைக் கரைத்துக் கார்புரேட்டருக்கு அனுப்பும். பெட்ரோல் ஹோஸையும் பம்ப்பில் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுங்கள். வண்டியை ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டாமல் நிறுத்துவதானால் டேங்கைக் காலி செய்துவிடுங்கள். இதே மாதிரி ஒரு மாற்றத்தை இந்த வண்டிகள் ஏற்கெனவே கடந்து வந்தவைதான். 2000 பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நின்றபோதும் பழைய கார்கள் அவ்வளவுதான் என்றார்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் இரண்டும் வேண்டாம், சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டு நாலு வாங்குங்கள். என் வண்டி ஒருமுறை ஜாக்கியிலிருந்து நழுவி விழுந்தது. ஒரு நிமிடம் முன்னால்தான் காபி குடிக்க உள்ளே போயிருந்தேன்.

என்னைப் போலக் கழற்றிப் போடாதீர்கள். முதல் வருஷம் பிரேக், பெட்ரோல், வயரிங் மட்டும். வண்டி தன் காலில் கொட்டகையைவிட்டு வெளியே வந்து திரும்ப உள்ளே போகட்டும். பெயிண்ட் கடைசி. கழற்றிப் போட்ட வண்டி இரண்டாவது தீபாவளிக்குள் மூட்டையாகி, மூன்றாவது தீபாவளிக்கு இரும்புக்கடைக்குப் போகிறது. அப்படி இரண்டு பேரை எனக்கே தெரியும். பாகங்களுக்குக் கவலைப்படாதீர்கள். மும்பையில் பத்மினி டாக்ஸிகள் 2023 அக்டோபர் வரை ஓடின, அதற்கான சாமான்கள் இன்னும் புழங்குகின்றன. சென்னை வந்தால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் ஒருநாள் சுற்றுங்கள். பழைய பாகத்தைக் கையோடு கொண்டு போக வேண்டும், பெயர் சொல்லிக் கேட்டால் கைக்கு வந்ததைத் தருவார்கள்.

செலவு? மறைக்காமல் சொல்கிறேன். நோட்டு வைத்து எழுதியிருக்கிறேன். வண்டி விலை போக மூன்றரை வருஷத்தில் 2,94,000 ரூபாய். அதில் பாய்க்கு 58,000, பெயிண்டுக்கு 65,000, இன்ஜினுக்கு 47,000. என் தவறுகளுக்கு மட்டும் ஒரு முப்பதாயிரம் இருக்கும். விற்றால் போட்ட பணம் வராது. லாபக் கணக்கு பார்ப்பவர் இறங்க வேண்டாம், அந்த அளவில் உங்கள் நிபுணர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன்.

துருவைவிட எனக்குக் கஷ்டம் கொடுத்தது காகிதம். என் வண்டியின் பதிவு பழைய கட்டுப் புத்தகத்தில் இருந்தது, கணினியில் ஏறவே இல்லை. அதை ஏற்றிவைக்க ஓர் அலுவலகத்துக்கு எட்டு தடவை நடந்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு ஜன்னல். அதனால் திருமங்கலத்துக்காரர் ஸ்பேனர் வாங்குவதற்கு முன்னால் காகிதத்தைத் தேடட்டும். வண்டி அப்பா பெயரில் இருப்பதால் படிவம் 31, கூடவே இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ். அக்கா தங்கை இருந்தால் அவர்கள் கையெழுத்தையும் இப்போதே வாங்கிவிடுவது நல்லது, கார் பளபளத்தபின் கேட்டால் வேறு பேச்சு வரும்.

இந்தக் கடிதம் முழுதும் போட இடமில்லை என்றால் பரவாயில்லை, அவருக்கு மட்டுமாவது அனுப்பிவையுங்கள். ஆர்.சி. புத்தகம் காணவில்லை என்று அவர் எழுதியிருந்தார். பீரோவில் பத்திரத்தோடு தேடியிருப்பார். எங்கள் டாக்டர் வீட்டில் அது அம்மா பெட்டியில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருந்தது. அங்கேயும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். இரும்புக்காரரை அதுவரை நிற்கச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
குரோம்பேட்டை